வண்டிக்கு ஈடாக உட்கார்ந்தவள்

தம்பி,

நேற்று சாயங்காலம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனதே, சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன். பிறகு நீ நான்கு முறை கூப்பிட்டாய். தேன்மொழி எடுத்து, "அத்தை மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காங்க" என்றாள். மாட்டுக்கு நான் மதியமே தண்ணீர் காட்டியாயிற்று. உன் பெண்டாட்டி இந்த வீட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் எனக்காகப் பொய் சொல்லவும் பழகிவிட்டாள். நீ மஸ்கட்டுக்குப் போனதில் அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அவளிடம் சொன்னாயாம். பிழைக்கப் போகிற பிள்ளையைக் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு புத்தி கெட்டுவிடவில்லை. விற்றுவிடச் சொல்லிவிட்டுப் போன உன் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது நீ ஒன்று சொன்னாய். "ஓட்டிப் பாக்கணும்னு எவனாச்சும் கேட்டா சும்மா குடுத்துடாதீங்கம்மா. கூட வந்த ஆள இங்க உக்கார வெச்சுட்டு அப்புறம் சாவியக் குடுங்க." இதில் உன்னைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வண்டி விற்கிற எல்லாரும் செய்வதுதான். ஆனால் இதே பேச்சை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று உட்கார வைக்கப்பட்ட ஆள் நான். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையாக நீயும் என்னோடு இருந்தாய். அந்தப் பேச்சு உன் வாயிலிருந்தே வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன். ஓவர்டைம் என்று பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி.

உன் அப்பா அப்போது ஆயில் இன்ஜின் மெக்கானிக். திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி எந்தக் கொல்லையில் இன்ஜின் படுத்துக்கொண்டாலும் சைக்கிள் கேரியரில் ஸ்பேனர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். நம் வீட்டில் கூலிக்கு வயலில் இறங்காத முதல் ஆள் அவர்தான். உன் தாத்தா பண்ணையில் வேலை பார்த்தவர். அவருடைய வலது கால் ஏன் வளைந்திருக்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்டாய், கரையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்லிவைத்தோம். அவர் வழுக்கி விழவில்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடு என்று எங்கள் தெரு கேட்டது. பண்ணை கொடுக்கவில்லை, லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பில் இறக்கியது. எங்கள் ஆட்கள் வரப்பில் போய் மறித்து நின்றார்கள். பண்ணை ஆட்கள் கம்பால் அடித்தார்கள். தாத்தாவின் கால் அன்று முறிந்தது. அதற்குப் பிறகு ஆட்சி மாறியது, எங்கள் தெருவுக்கு மனைப் பட்டா வந்தது, தாலுக்கா ஆபீஸில் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போட்டார்கள், தெருமுனையில் சிவப்புக் கொடியும் கறுப்பு சிவப்புக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன. ஆனாலும் எங்கள் தெருப் பெண்கள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். அறுப்புக்குப் போனாலும் வயலோடு சரி, பண்ணை வீட்டு நெல் களத்தில் மட்டும் கால் வைப்பதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. கல்யாணமாகி வந்த மறுநாளே எனக்கும் சொல்லிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் வண்டி விற்பனைக்கு வந்தது. பண்ணையின் இளைய மகன் தஞ்சாவூரில் குடியேறப் போகிறார், மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிடப் போகிறார் என்று அப்பா எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார். இரண்டு நாள் தூங்கவில்லை மனிதர். வண்டி இருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து ஊர் போகலாம், பிள்ளை பிறக்கப் போகிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டுக்கா போகவேண்டும் என்று கேட்டேன். "கூலி கேட்டுப் போகல, வெலைக்கு வாங்கப் போறோம். நீயும் வா" என்றார். பிரசவத்துக்கு முன் எனக்கும் வெளியே கிளம்ப ஆசையாக இருந்தது, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

அப்பா வண்டி பார்க்கிற விதத்தை நீ பார்த்திருக்கிறாய், ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன், அங்கே பழைய கார் ஏதாவது வாங்கினால் உதவும். முதலில் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் விற்கிறவர் முன்பே ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். ஆறட்டும், பேசிக்கொண்டிருப்போம் என்று நின்றுவிடுவார். பிறகு ஒரே உதையில் கிளம்புகிறதா, புகை எந்த நிறம், நேர் ரோட்டில் கையை லேசாக விட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நின்ற இடத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் என்பார். உனக்குப் பெண் பார்க்கப் போனபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. அவர்கள் வீட்டில் பஜ்ஜி சாப்பிட்ட அரை மணி நேரமும் நீ எவ்வளவு அடக்கமாக இருந்தாய்! பசி வந்தால் உனக்கு யார் எவர் என்று தெரியாது என்பதைப் பற்றி நாங்கள் மூச்சுவிடவில்லை. தேன்மொழிக்குத்தான் ஓட்டிப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

சரி, கதைக்கு வருகிறேன். களத்தில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் வண்டி நின்றது. அந்த இளையவர் நல்ல மாதிரி. சாவியை எடுத்து நீட்டி, "தாராளமா ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார். 'வாங்க' என்றார், தம்பி. அந்த வீட்டு ஆள் ஒருவர் எங்கள் தெரு ஆளை அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. சாவியை இரண்டு கையாலும் வாங்கினார். அப்போதுதான் பண்ணைக் காரியஸ்தர் தொண்டையைச் செருமினார். வரவு செலவு, ஆள் அம்பு எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. "ஓட்டிப் பாக்கட்டும் தம்பி, வேணாங்கல. ஆள் ஒண்ணு இங்க உக்காந்திருக்கட்டும்." இளையவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும், உள்ளே போய் அவரே ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "பாலம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். பத்து நிமிசம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு அப்போது கோபமே வரவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டு, எங்கள் தெருவிலிருந்து யாராவது இந்தப் பக்கம் போகமாட்டார்களா, என்னைப் பார்க்கமாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்கு ஈடாக வைத்த அந்த 'ஆள் ஒண்ணு' நான்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பத்து நிமிடம் அரை மணியாயிற்று. இளையவருக்கு ஏதோ வேலை, திருக்காட்டுப்பள்ளிக்குக் காரில் போய்விட்டார். அவர் போனதும் காரியஸ்தர் இரண்டு முறை வந்து ரோட்டைப் பார்த்தார். மூன்றாம் முறை என்னைப் பார்த்து, "உம் புருசனுக்கு எந்த ஊரு பாலம்?" என்றார். உள்ளேயிருந்து வந்த பண்ணை வீட்டுப் பெரியம்மா, காரியஸ்தரிடம் பேசுவது போல, "சும்மாதானே உக்காந்திருக்கு, அந்த நெல்லக் கொஞ்சம் கிண்டி விடச் சொல்லு" என்றார். எனக்கு வயிறு முன்னால் வந்து நின்றது தெரியாமல் இல்லை அவருக்கு. அவ்வளவு பேசத் தெரிந்த நான், பத்தாவது வரை படித்த நான், முடியாது என்று சொல்லியிருக்கலாம். எழுந்தேன். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் விட்டேன். எந்தக் களத்தில் கால் வைக்கமாட்டோம் என்று எங்கள் தெரு வைராக்கியமாக இருந்ததோ, அந்தக் களத்தில் இறங்கி, காலால் வரிவரியாக நெல்லைக் கிண்டி விட்டேன். ஒரு கோடி முடிந்து மறுகோடிக்குப் போவதற்குள் முதலில் கிண்டியது காய்ந்துவிடும். மறுபடியும் கிண்டவேண்டும். வண்டி கைவிட்டுப் போய்விடும் என்ற பயமா, உடம்பில் ஊறிய பழக்கமா தெரியவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம், அப்புறம் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான். அதுவரைக்கும் நீ எங்கயும் நகரக் கூடாது" என்று காரியஸ்தர் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நெல் சுணை கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏறி அரித்தது. நீ உள்ளே உதைத்தாய். அப்போது நான் நினைத்ததைத்தான் இருபத்தாறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஆள் வரமாட்டார் என்று நினைத்தேன். வண்டி கிடைத்தது, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நாள்கூட என்னை ஒரு சொல் அதட்டாத மனிதரை ஒன்றரை மணி நேரத்தில் திருடனாக்கிவிட்டேன். அவர்கள் திருடன் என்று நினைத்ததுகூடப் பெரிதில்லை, அவர்களுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியுமே. களத்தின் பின்பக்கம் வேலியில் ஒரு திறப்பு இருந்தது. யாரும் பார்க்கவில்லை. வெறுங்காலோடு அதன் வழியாக வெளியே வந்து, வாய்க்கால் கரையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தேன். கரையோடு போனால் பாலம், அங்கே பஸ் ஏறினால் என் அம்மா வீடு. திரும்பி வரக்கூடாது என்றுதான் நடந்தேன்.

கரை திரும்புகிற இடத்தில் மதகு ஒன்று இருக்கும். அங்கே எதிரில் உன் அப்பா வந்துகொண்டிருந்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு. சட்டை தண்ணீரில் முக்கி எடுத்தது போல வேர்வையில் ஒட்டியிருந்தது. பாலம் வரை போனவர் பாலத்தோடு நிற்கவில்லை. அந்த 'வாங்க' தலைக்கு ஏறி, நேரே வீட்டுக்குப் போய்த் தாத்தாவைப் பின்னால் ஏற்றியிருக்கிறார். மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு தாத்தா உட்கார, அவர் கால் முறிந்த வயலைச் சுற்றி, ஆற்றங்கரை வரை ஓட்டிக் காட்டி, திரும்ப வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறார். பழைய வண்டி விற்கிறவர்கள் யாரும் டேங்க் நிறையப் பெட்ரோல் விட்டு வைக்கமாட்டார்கள், ஒரு பாட்டில் ஊற்றி வைத்திருப்பார்கள். ஆயிரம் இன்ஜின் பிரித்த மெக்கானிக்குக்கு அன்று அது மறந்துபோய், வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று கரை வழியாகத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "என்னத் தேடியா வந்த? இந்த வயித்த வெச்சுக்கிட்டு?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான், "ஆமாங்க" என்றேன்.

இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். வேலித் திறப்பு வழியாக அல்ல, முன்வாசல் வழியாக. காரியஸ்தர் கத்த ஆரம்பித்தார். அப்பா அவருக்குப் பதில் சொல்லாமல் வண்டியை ஸ்டாண்ட் போட்டார். பிறகுதான் என் காலைப் பார்த்தார். வரி வரியாகச் சிவந்து தடித்திருந்தது, புடவைக் கரையில் பதர் ஒட்டியிருந்தது. களத்தைப் பார்த்தார். கால் தடம் வரிவரியாக இருந்தது. நாற்காலியைப் பார்த்தார், அதன் அடியில் என் செருப்பு இருந்தது. போய் அதை எடுத்து வந்து என் காலருகில் வைத்தார். அந்த நேரத்தில் இளையவரின் காரும் வந்துவிட்டது. அப்பா அவரிடம் சாதாரணக் குரலில் சொன்னார். "வண்டி புடிச்சிருக்குங்க, எடுத்துக்கிறோம். ஆனா என் சம்சாரம் உங்க நெல்லக் கிண்டி விட்டிருக்கு. அதுக்குக் கூலி குடுத்துடுங்க."

காரியஸ்தருக்கு மூச்சு முட்டிவிட்டது. "வண்டிய வாங்கிட்டு ஊர் சுத்துனவன் கூலி வேற கேக்குறியா?"

"நான் சுத்துனதுக்கு நான் பெட்ரோல் போட்டுக்கிறேன். அவ கிண்டுனதுக்கு நீங்க குடுங்க."

இளையவர் முகம் தொங்கிப்போயிற்று. உள்ளே பார்த்தார், பெரியம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டார். ஒப்பந்தத்தில் பெண்ணாளுக்கு அரை நாள் கூலி என்னவோ, அதைக் கேட்டு, என் கையில் கொடுத்தார். "மன்னிச்சுக்கங்க" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அந்தக் காசில்தான் எங்கள் வண்டிக்கு முதல் பெட்ரோல் போட்டோம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று தெருவே பேசியது. உன் அப்பா சாகிறவரை இந்தக் கதையை எல்லாருக்கும் சொல்வார், நீயும் கேட்டிருக்கிறாய், "ஏழு மாச வயித்தோட என்னத் தேடிக் கரையோட வந்தவ இவ" என்று முடிப்பார். நான் காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். தேடி வந்தவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வழியாகத்தான் வந்திருப்பாள். அந்தச் செருப்பைக் கையில் எடுத்த மனிதருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே இருபத்து மூன்று வருஷம் அப்படிச் சொன்னாரா என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தைரியம் வந்தபோது அவர் இல்லை. அது என் தப்பு. என் தப்பு என்றே உனக்கு எழுதி வைக்கிறேன்.

இன்று காலை உன் வண்டியைப் பார்க்க ஒரு பையன் வந்தான். குத்தாலத்துக்காரன், எலக்ட்ரீசியன், நம் பக்கத்து ஊரில் பெண் எடுத்திருக்கிறான். பெண்டாட்டியும் கூட வந்திருந்தாள். இன்ஜினைத் தொட்டுப் பார்த்தான், எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது. சாவியை எடுத்ததும் நான் எதுவும் சொல்லாமலே அவன் பெண்டாட்டியிடம், "நீ இப்புடி உக்காரு, ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்றான். அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டுத் தேன்மொழி போட்ட நாற்காலிப் பக்கம் நகர்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவளையும் ஏத்திக்கிட்டுப் போங்க தம்பி. பின்னாடி ஆள் உக்காந்தாத்தான் வண்டி இழுக்குதா இல்லையான்னு தெரியும்" என்றேன். தேன்மொழி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "அத்தை, யாரு எவருன்னே தெரியாது. அவரு என்ன சொன்னாரு?" என்று காதுக்குள் சொன்னாள். நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. மீறித்தான் அனுப்பினேன்.

பெரிய மனுஷி மாதிரி அனுப்பிவிட்டேனே தவிர, இருபது நிமிடம் தாண்டியதும் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை வாசலுக்குப் போனேன். உன் வண்டி போனால் உனக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தேன். பழைய புத்தி, உடனே போய்விடுமா? நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள். இருவருக்கும் முழங்கால் வரை துணி நனைந்திருந்தது. "ஆத்துல தண்ணி வந்துருச்சும்மா. இவ கால நனைக்கணும்னு சொன்னா. கோச்சுக்காதீங்க" என்றான். அந்தப் பெண் வெட்கத்தோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மணல் ஒட்டிய அவள் காலைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எதற்கு என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பேசிய விலையில் ஐந்நூறு குறைத்துக்கொண்டேன், திட்டாதே.

அவர்கள் போன பிறகு தேன்மொழி வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். உள்ளே வந்து, "சேந்தே போனாங்கல்ல அத்தை" என்றாள். அவ்வளவுதான். தம்பி, நீ வாரம் இரண்டு முறை கூப்பிடுகிறாய். வண்டி போச்சா, ஆர்சி புக் பத்திரமா, கூரைக்குத் தகரம் போட்டாச்சா என்று என்னிடம் கேட்கிறாய். அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். இரண்டு வருஷ காண்ட்ராக்ட் என்கிறாய். கல்யாணமாகி மூன்று மாதத்தில் ஒரு பெண்ணை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், நீ திரும்பி வருவாய் என்பதற்கு ஈடாக. நான் அவளை நெல் கிண்டச் சொல்லவில்லை, நன்றாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் உட்கார்ந்திருக்கிறவள் மனதில் என்னென்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். நல்லவர்கள் மனதிலும் ஓடும்.

வண்டி விற்ற பணத்தை உன் கணக்கில் போடச் சொன்னாய். போடவில்லை. நாளை மறுநாள் நானும் அவளும் திருச்சிக்குப் போய் அவள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம். நர்சிங் படித்த பெண், இந்த வீட்டில் எனக்குப் பிரஷர் மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? அவளாகவே கேட்டாள், நான் சரி என்றேன். அங்கே ஆஸ்பத்திரிகளில் ஆள் எடுக்கிறார்களா என்று நீ விசாரித்து வை, வீடு பார், சமைக்கக் கற்றுக்கொள். நான் தனியாக இருப்பேனே என்று இழுக்காதே. சத்துணவுக் கூடத்தில் எண்பது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவளுக்குத் தனிமை ஏது? எனக்கு இன்னும் ஐந்து வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

அவள் வந்து இறங்குகிற அன்று நேரத்தோடு போய் நில். வேலை என்று வேறு யாரையாவது அனுப்பிவிடாதே. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, என்னைத் தேடியா வந்தாய் என்று கேள். ஆமாம் என்பாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்காதே. அவள் செருப்பைக் கழற்றினால் எடுத்து ஓரமாக வை.

உன் அம்மா